ஏற்றத்தில் போட்ட ஹீற்றர்

பிளாக்வால் சுரங்கத்துக்குள் வாகனங்கள் ஊரத் தொடங்கியபோதே ஜெயகௌரி அதைக் கண்டுவிட்டாள். எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் வழக்கமாக நடுவில் நிற்கும். இன்றைக்கு நடுவைத் தாண்டி ஒரு நெல்லளவு ஏறி நின்றது. கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டாள். பக்கத்து இருக்கையில் மணப்பெண். பின்னால் கொழுவி இழுபடுகிற கரவன், சில்லு வைத்த சின்ன வீடு. மத்தியானத்தோடு முடிந்துபோகிற முகூர்த்தம். இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டு ஒரு முள்ளையும் பார்த்துக் கலங்க அவளிடம் தெம்பு இல்லை.

கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் அவளைத் தெரியாத தமிழர் குறைவு. இருபது வருடத்துக்கு மேலாகப் பொம்பிளை வெளிக்கிடுத்துகிறவள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் உடுத்துச் சோடிப்பதற்கும் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கும் வெளிக்கிடுதல் என்ற ஒரே சொல்தான். ஜெயகௌரியின் தொழில் இரண்டையும் சேர்த்தது. ஒருத்தியைச் சோடித்து, தாய் வீட்டு வாசலைத் தாண்டவும் வைத்துவிடுவாள்.

கரவன் அவள் கணவன் நவரத்தினத்தின் யோசனை. அவர் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர், சும்மா இருக்கத் தெரியாத மனிதர். லண்டன் பிள்ளைகளுக்கு மண்டபங்கள் அலுத்துப்போய், புல்வெளியில் கூடாரம் போட்டுக் கலியாணம் செய்கிற ஆசை வந்த காலம் அது. புல்வெளியில் கூறைச் சேலை மாற்ற அறைக்கு எங்கே போவது? யாரோ விடுமுறைக்கு இழுத்துத் திரிந்து களைத்த பழைய கரவன் ஒன்றை அவர் வாங்கி, கட்டில்களைக் கழற்றி எறிந்து, ஆளுயரக் கண்ணாடியும் விளக்குகளும் பூட்டி, அடியில் தண்ணீர்த் தாங்கியும் வைத்துக் கொடுத்தார். கலியாணத்துக்குக் கலியாணம் அவரே இழுத்துப் போவார். அவள் பக்கத்தில் இருந்து ரோல்ஸ் சாப்பிடுவாள்.

போன வருடம் மாரி காலத்தில் நவரத்தினம் மாரடைப்பில் போனார். அவரோடு அவளுடைய வேலையும் போனது. ஒருத்தரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. நம்மவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம் தெரிந்தவர்கள். "திகதி இன்னும் சரிவரேல்லை அக்கா" என்பார்கள். "பிள்ளை யூடியூப் பாத்துத் தானே செய்யப் போறாளாம்" என்பார்கள். பிறகு அந்தக் கலியாணப் படங்கள் பேஸ்புக்கில் வரும். வேறு யாரோ ஒருத்தி வெளிக்கிடுத்தியிருப்பாள். தாலி இழந்தவளின் கை கூறைச் சேலையில் படக்கூடாது என்பதை, முப்பது வருடம் லண்டனில் இருந்தும், பிள்ளைகளை டாக்டருக்கும் சட்டத்துக்கும் படிப்பித்தும், ஒரு குடும்பமும் மறக்கவில்லை. இதை மட்டும் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இந்த நிலைமையில்தான் இல்ஃபோர்டிலிருந்து கோசிகா வந்தாள். பிரான்சில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் லண்டனுக்கு வந்த பிள்ளை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. அவள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கு வெளிக்கிடுத்தியது ஜெயகௌரி. கலியாணப் பேச்சு எழுந்ததுமே கோசிகா தன் தாய் பாமாவிடம் சொல்லிவிட்டாள்: "ஜெயா அன்ரி வெளிக்கிடுத்தாட்டி நான் ஜீன்ஸோடதான் மணவறையில இருப்பன்."

பாமா நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல மனுஷிகளும் சகுனம் பார்ப்பார்கள். மகளோடு மூன்று கிழமை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, கடைசியில் அரை மனதோடு சம்மதித்தாள். மணப்பெண் ஜெயகௌரியின் காரிலேயே வருவாள் என்று கோசிகா அடம்பிடித்தபோது அந்த அரை மனதும் காற்பங்காகிவிட்டது. "வழியில முகம் கலைஞ்சால் அன்ரிதானே பாக்கோணும்" என்றாள் மகள். பாமா உறவுக்காரரோடு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க முன்னதாகவே போய்விட்டாள்.

ஆகவே இன்றைக்கு எது பிசகினாலும் அது வெறும் பிசகாக இருக்காது. விளக்கு அணைந்தால், மழை தூறினால், மாலை அறுந்தால், கலியாணத்துக்கு வருகிற நானூறு பேரும் திரும்பி ஒருத்தியைத்தான் பார்ப்பார்கள். "பாத்தியளே" என்று ஒரு சொல் போதும். அதோடு ஜெயகௌரியின் தொழில் முடிந்தது. அதைவிட மோசம், அந்தப் பிள்ளைக்கு வாழ்நாளில் காய்ச்சல் வந்தாலும் அந்தச் சொல்லைத்தான் எடுப்பார்கள்.

அந்தப் பயத்தில்தான் அவள் காலையில் காரைக் கோயிலடிக்குக் கொண்டுபோனாள். ஐயர் தீபம் காட்டி, சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார். மற்றதெல்லாம் அவள் சொந்த வேலை. காரின் முன் முகத்தில் தடித்த செவ்வந்தி மாலை இரண்டு, அதற்குக் கீழே விளக்கிலிருந்து விளக்குவரை இழுத்து, இரண்டாய் மடித்துக் கட்டிய சிவப்புப் பட்டு. போய்ச் சேருமட்டும் அவிழ்ப்பதில்லை என்று மனதுக்குள் நேர்ந்தும் கொண்டாள். தெருவில் போனவர்கள் படம் எடுத்தார்கள்.

சுரங்கம் கழிந்து தேம்ஸ் ஆற்றின் தெற்குக் கரைக்கு வந்ததும் கொஞ்சம் காற்றுப் பட்டது. முள் இறங்கவில்லை. எதிரே ஷூட்டர்ஸ் ஹில் என்கிற குன்று தெரிந்தது. லண்டன் மட்டமான ஊர் என்று நினைக்கிறவர்கள் கரவன் இழுத்துப் பார்க்காதவர்கள். அந்த வீதி நேராக, வெட்கமில்லாமல் வானத்தைப் பார்த்து ஏறுகிறது. அதன் உச்சியைத் தாண்டி ஒரு பழைய கிரிக்கெட் கழகத்தின் திடலில் கலியாணக் கூடாரம்.

நவரத்தினம் ஏற்றத்துக்கு முன் என்ன செய்வார் என்று நினைவைத் துழாவினாள். அவசரப்படாமல், முன்கூட்டியே சின்னக் கியருக்கு இறங்குவார். ஏசியை நிற்பாட்டுவார். அவள் இரண்டையும் செய்தாள்.

"அன்ரி, ஏசி நிண்டிட்டுது."

"நான்தான் நிப்பாட்டினனான் பிள்ளை. எஞ்சினுக்குப் பாரமாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு, தலை கலையாமல்."

ஆனி மாத வெயில். இறக்கிய கண்ணாடியால் சூடான காற்றும் பஸ்களின் புகையும் உள்ளே வந்தன. கரவன் பின்னாலிருந்து யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பது போல இழுத்தது. ஏற்றத்தில் பாதிகூட வரவில்லை, முள் சிவப்புக் கோட்டின் விளிம்பில் போய் நின்றது. சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. இனிப்பாக ஒரு எரிமணம் மூக்கில் ஏறியது.

முருகா, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். இடப்பக்கம் பஸ் தரிப்புக்கு அப்பால் ஒதுக்கி நிறுத்தினாள். எஞ்சினை நிற்பாட்டவில்லை. கொதிக்கிற எஞ்சினைப் பட்டென்று நிற்பாட்டினால் சூடு உள்ளுக்கே அடைந்து கிடக்கும் என்று நவரத்தினம் சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே காற்றாடி பேய் பிடித்தது போல இரைந்தது.

"ரேடியேற்றரைத் திறந்து தண்ணி ஊத்தினால் என்ன?" கோசிகா கேட்டாள். மடியில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது.

"ஐயோ, மூடியில கை வைக்கப்படாது. கொதிதண்ணி முகத்தில அடிக்கும். நீ இறங்காதை, சேலை அழுக்காகும்."

பாரத்தைக் குறைக்கலாம் என்று தோன்றியது. கரவனுக்குப் போய்த் தாங்கியின் குழாயைத் திறந்துவிட்டாள். மணப்பெண் முகம் கை கழுவ என்று காலையில் தளும்பத் தளும்ப நிரப்பிய தண்ணீர், ஒரு ஆளின் பாரம், வீதியோரம் இறக்கத்தில் ஓடியது. திரும்பி வந்து முள்ளைப் பார்த்தாள். அது அசையவில்லை. ஃபோன் அடித்தது. பாமா.

"ட்ரபிக் அம்மா. இந்தா வந்திட்டம்." கோசிகா சிரித்துக்கொண்டே பொய் சொன்னாள். வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து இருந்திட்டினமாம் அன்ரி. ஐயர் அவசரப்படுத்திறாராம்."

ஜெயகௌரி காரின் முன்னால் நின்று இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்தாள். கரவனைக் கழற்றி இங்கேயே விட்டுவிட்டு வெறும் காரில் பிள்ளையைக் கொண்டுபோகலாம். போனால் கூறை எங்கே மாற்றுவது? பந்தடிக்காரர் சப்பாத்துக் கழற்றுகிற அறையிலா? நான் அப்பவே சொன்னேன் என்று பாமா சொல்லப்போகும் குரல் இப்போதே காதில் கேட்டது.

சின்ன நாயொன்றைக் கூட்டிக்கொண்டு ஏறிவந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் நின்றார். காரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், உள்ளே இருந்த மணப்பெண்ணுக்குத் தொப்பியை உயர்த்தி வாழ்த்துச் சொன்னார். பிறகு ஜெயகௌரியிடம், பூவெல்லாம் நல்ல வடிவுதான், ஆனால் இது எந்த வழியால் மூச்சு விடுகிறது என்று கேட்டார். அவள் விளங்காமல் பார்த்தாள். அவர் தன் மூக்கையும் வாயையும் உள்ளங்கையால் பொத்திக் காட்டிவிட்டு, நாய் இழுத்த பக்கம் போனார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காற்று நுழைகிற வாசல் முழுவதையும் பட்டாலும் பூவாலும் அவளே அடைத்து வைத்திருக்கிறாள். ஏற்றத்தில், இரட்டைப் பாரத்தோடு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடு என்றால் எந்த எஞ்சின் ஓடும்? அபசகுனம் வரக்கூடாது என்று கட்டியதுதான் அபசகுனமாக நிற்கிறது.

அவிழ்க்கக் கை போனது. பாதியில் நின்றது.

நவரத்தினத்தின் பிரேதத்தை எடுத்த அன்று நடந்தது அது. நான்கு பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தலையிலிருந்த பூவை எடுத்தாள், ஒருத்தி பொட்டை அழித்தாள், ஒருத்தி தாலிக்கொடியைக் கழற்றினாள். எல்லாரும் அழுதுகொண்டே செய்தார்கள், அன்பாகத்தான் செய்தார்கள். அந்த விரல்கள் கழுத்தில் ஊர்ந்தது இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. இப்போது சிவப்பையும் பூவையும் பிடுங்குகிற முறை அவளுக்கு. அதுவும் ஒரு கலியாண நாளில், ஒரு மணப்பெண் பார்த்துக்கொண்டிருக்க.

"நான் எடுக்கட்டே அன்ரி?" கோசிகா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தாள்.

"நீ தொடாதை."

சொன்ன வேகம் அவளுக்கே திக்கென்றது. அது பாமாவின் குரல். நாலு பேர் சொல்லுகிறார்கள், நாலு பேர் சொல்லுகிறார்கள் என்று இத்தனை நாள் அழுதவள், அந்த நாலு பேரில் முதல் ஆள் தான்தான் என்று ஷூட்டர்ஸ் ஹில் வீதியோரத்தில் கண்டுகொண்டாள். தன் கையைத் தானே நம்பாமல்தான் இவ்வளவு பட்டும் பூவும். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முடிச்சை நிதானமாக அவிழ்க்கவில்லை. பட்டைப் பிடித்து இழுத்தாள். அது கிழிந்து வந்தது. மாலைகள் அறுந்து பூக்கள் சில்லடியில் உருண்டன. அதற்குள்ளிருந்து அடைபட்ட அனல் அவள் வயிற்றில் அடித்தது.

முள் மெல்ல மெல்லக் கீழே வந்தது. நடுவுக்கு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. புறப்பட்டார்கள். நின்ற இடத்திலிருந்து கரவனை ஏற்றத்தில் கிளப்புவது எவ்வளவு பாரம் என்பது அந்த எஞ்சினின் முனகலில் தெரிந்தது. கொஞ்சத் தூரம் போனார்கள். முள் திரும்பவும் எழும்பத் தொடங்கியது.

இன்னும் ஒரு வழி இருந்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரமும் பாடுபட்டாள். ஒருமுறை வேல்ஸ் பக்கத்து மலையொன்றில், நல்ல கோடையில், நவரத்தினம் ஹீற்றரை முழுதாகத் திருகிவிட்டார். உங்களுக்கென்ன விசரா என்று அவள் கத்தினாள். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் நாங்கள் வாங்கினால் அது தப்பிவிடும், நாங்கள் வேர்த்தால் துடைக்கலாம் என்றார்.

வேர்த்தால் துடைக்கலாம். மணப்பெண்ணின் முகத்தை எப்படித் துடைப்பது? விடியற்காலையிலிருந்து பூசி, வரைந்து, புருவம் புருவமாகச் செய்த வேலை. இத்தனை மாதம் கழித்துக் கிடைத்த ஒரே வேலை. நானூறு பேர் பார்க்கப் போகிற முகம்.

"பிள்ளை, ஒண்டு சொல்லுவன். கோவிக்காதை."

சொன்னாள். கோசிகா கண்ணாடியில் தன் முகத்தை ஒருதரம் பார்த்தாள். ஆசையாகத்தான் பார்த்தாள். பிறகு அவளே கையை நீட்டி ஹீற்றரைக் கடைசி மட்டும் திருகினாள்.

"முகத்தைத் திருப்பிக் கீறலாம் அன்ரி. நேரத்தைக் கீறேலாது."

காருக்குள் அனல் வீசியது. அடுப்பங்கரையில், உலைப்பானையின் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே வைத்திருப்பது போல இருந்தது. கோசிகாவின் நெற்றியிலிருந்து பவுடர் கோடு கோடாக இறங்கியது. கண்மை கன்னத்துக்கு வந்தது. பட்டுச் சேலைக்குள் அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல், முள்ளையே பார்த்தபடி இருந்தது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். ஜெயகௌரி வேகம் கூட்டவில்லை. கூட்டினால் எல்லாம் வீண். இரண்டாம் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினாள். கண்ணீரும் வியர்வையும் ஒன்றாக வழிந்ததில் எது எதென்று அவளுக்கே தெரியவில்லை.

"அன்ரி, இறங்குது. முள் இறங்குது."

குன்றின் உச்சியில் நிற்கிற தண்ணீர்க் கோபுரம் தெரிந்தது. வீதி மட்டமானது. அவள் ஹீற்றரை நிற்பாட்டவில்லை. அந்த எஞ்சின் மேல் இனி நம்பிக்கை இல்லை. திடலின் வாசல்வரை அந்த அனலிலேயே போனார்கள்.

கூடாரத்து வாசலில் பாமா நின்றாள். கார்க் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த அனலில் ஒரு அடி பின்வாங்கினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மழையில் விட்ட கோலம் அதைவிட நன்றாக இருந்திருக்கும். பிறகு ஜெயகௌரியைப் பார்த்தாள்.

"நான் அப்பவே" என்று தொடங்கினாள்.

"ஹீற்றரைப் போட்டது நான் அம்மா. கதைக்க நேரமில்லை, கரவனைத் திறக்க விடுங்கோ."

கரவனுக்குள் ஜெயகௌரியின் கைகள் தாமாக ஓடின. துடைத்தாள், பூசினாள், கண்ணை வரைந்தாள், பொட்டு வைத்தாள். தலையில் கை வைக்க நேரம் கிடைக்கவில்லை. பொய்ச் சடையும் அதன் மேல் பூட்டிய நாகம் என்ற தலைநகையும் வியர்வையில் நனைந்து கிடந்தன. நாலைந்து ஊசியை மட்டும் அழுத்திக் குத்தி அனுப்பினாள். கோசிகா மணவறைக்குப் போய், மாப்பிள்ளையின் கையால் கூறையை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். உடுத்து முடியும்வரை பாமா கதவடியில் காவல் நின்றாள். மகள் இறங்கியதும், குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்:

"தாலி கட்டேக்கை நீங்கள் இதுக்குள்ளயே இருங்கோ அக்கா. குறை நினைக்கப்படாது. சனம் ஒரு மாதிரி."

"ஓம்" என்றாள் ஜெயகௌரி. எதிர்த்துக் கதைக்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பக்கத்தால் பாமாவுக்கு நன்றிகூடச் சொல்லலாம் போலிருந்தது. வந்து சேர்ந்துவிட்டாள், வெளிக்கிடுத்திவிட்டாள், இனி எது நடந்தாலும் அவள் அங்கே இல்லை. கரவன் படியில் இருந்தாள். வெயிலுக்காகக் கூடாரத்தின் பக்கத் துணியைச் சுருட்டிக் கட்டியிருந்ததால் மணவறை நேரே தெரிந்தது.

மாப்பிள்ளை தாலியோடு எழும்பினான். அவனுடைய தங்கை, தோழியாக நின்றவள், தாலி கட்ட வழிவிட்டுக் கோசிகாவின் சடையைத் தூக்கினாள். தூக்கிய இடத்தில் சடை வேரோடு கழன்று சரிந்தது. வேர்வையில் ஊறிய ஊசிகள் ஒன்றும் பிடிக்கவில்லை. அந்தப் பெண் பதறி இன்னும் இழுத்தாள். நாகம் ஒரு பக்கம் தொங்கியது. மேளக்காரர் கம்பை ஓங்கியபடி ஐயரைப் பார்த்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை தாலியை நீட்டிப் பிடித்தபடி நின்றான். முன் வரிசையில் யாரோ ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள் குனிந்தாள்.

கோசிகா தலையை அசைக்க முடியாமல், கண்ணை மட்டும் கரவன் பக்கம் திருப்பினாள்.

"அன்ரி."

ஐயரின் மைக் அருகில் இருந்தது. கூடாரம் முழுவதும் கேட்டது.

தான் எழும்பியதை ஜெயகௌரி உணரவில்லை. நடந்ததும் நினைவில்லை. பாமாவைத் தாண்டினாள், முன் வரிசையைத் தாண்டினாள், கரவனுக்குள்ளேயே இருக்கவேண்டியவள் மணவறைப் படியில் ஏறினாள். தோழியின் கையிலிருந்து சடையை வாங்கி, நாகத்தை ஒரு கையாலும் சடையை மறு கையாலும் கோசிகாவின் உச்சியோடு சேர்த்து உயர்த்திப் பிடித்தாள். மணப்பெண்ணின் பின்கழுத்து வெறுமையாக, இன்னும் சூடாக, அவள் கைகளுக்குக் கீழே இருந்தது.

"கட்டுங்கோ தம்பி" என்றாள்.

மேளம் இடித்தது. மாப்பிள்ளையின் விரல்கள் அவள் விரல்களுக்கு இடையால் நுழைந்து மூன்று முடிச்சும் போட்டன. நானூறு பேர் கையிலும் அட்சதை இருந்தது. எறிவதா விடுவதா என்று ஒரு கணம் எல்லாரும் நின்றார்கள். அந்த ஒரு கணத்தில் ஜெயகௌரி செத்துப் பிழைத்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு பிடி வந்தது. அதைத் தொடர்ந்து எல்லாம் வந்தது. எறிகிறவர்களுக்கு மூன்று தலைகளைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அரிசியும் பூவும் மணப்பெண்ணின் தலையிலும், மாப்பிள்ளையின் தலையிலும், நடுவில் நின்றவளின் தலையிலும் ஒரே மாதிரி விழுந்தன. தட்டிவிட அவளுக்குக் கை இல்லை. இரண்டு கையும் சடையைப் பிடித்தபடி இருந்தன.